வெள்ளத்தில் நின்ற கார்

எங்கள் ஊரில் என் வாப்பாவைச் சொந்தப் பெயரால் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘காந்தம்’ என்று கேட்டால்தான் கடைத்தெருவில் வழி காட்டுவார்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு சிவப்புக் கார் பார்க்கப் போனவர், பார்த்துப் பார்த்துக் கடைசியில் கைக்கு வந்த மருமகனையே கோட்டைவிட்டவர் என்பது அவருடைய சரித்திரம். காத்தான்குடியில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது அவரை மையவாடிக் குழி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்பும். இன்றைக்கும் யாராவது எங்கள் புடவைக் கடைக்கு வந்து, “காந்தம் நானா, இந்தச் சாறனயும் ஒருக்கா காந்தம் வெச்சிப் பாப்பமா?” என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டால் வாப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார்.

எனக்கு மட்டும் அந்தக் காரை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. இப்போதும் பின்னாலிருந்து ஒரு வாகனம் உறுமிக்கொண்டு வந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் ஒதுங்கி நின்று, அது போன பிறகுதான் மூச்சு விடுவேன்.

நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது என் அக்காவுக்கு, எங்கள் வழக்கில் ராத்தாவுக்கு, மாப்பிள்ளை பேசினார்கள். எங்கள் பக்கம் கலியாணம் முடித்த பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். இதில் ஒரு வசதி, பெண் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பாள். ஒரு சங்கடமும் உண்டு. வந்த மருமகன் சரியில்லை என்றால் அவர் எங்கேயோ தூரத்தில் சரியில்லாமல் இருக்க மாட்டார். நம் வீட்டு முன்கூடத்தில், நம் கதிரையில் இருந்து, நம் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சரியில்லாமல் இருப்பார்.

பேசிய மாப்பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஓட்டமாவடிப் பக்கத்தவர். கட்டாரில் சில வருடம் வேலை செய்துவிட்டு வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல பல்வரிசை, வாய்க்கு வாய் ‘மாமா, மாமி’. பெண் பார்க்க வந்த அன்று எனக்கு ஒரு பெரிய பெட்டி நிறைய சொக்லேட் கொண்டுவந்தார். உம்மா அந்தப் பல்வரிசையிலேயே விழுந்துவிட்டார்.

“வீடு போதுமாம், நகைநட்டு ஒண்டும் கேக்கல்ல. ஆனா அவருக்கு ஒரேயொரு ஆசை இரிக்கி” என்று தரகர் இழுத்தார்.

அந்த ஆசை ஊரின் மேற்கே, வாவிக்கரைக்குப் போகும் ஒழுங்கையில், ஒரு வாகன வியாபாரியின் வளவில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த, இரண்டு கதவு மட்டுமே உள்ள, சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். கலியாணத்துக்கு அதை வாங்கித் தர வேண்டும். வேறு எந்தக் காரும் ஆகாது. அதுதான் வேண்டும், அந்தச் சிவப்புத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு வாகனம் வைத்திராத வாப்பா கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். மறுநாளே மேசனைக் கூப்பிட்டு, ஒரு தூணை இடித்து, கார் நுழையும் அளவுக்குக் கேட்டை அகலமாக்கினார்.

கார் பார்க்கப் போகும் நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது மாப்பிள்ளைதான். பின் சீட்டில் பெரியவர்கள் இருக்க முடியாதாம், மச்சினிச்சிதான் சரியான அளவாம். நான் துள்ளிக் குதித்தேன். பெருநாளைக்குத் தைத்த பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டேன். தலை பின்னிவிட்ட ராத்தா என் காதருகே குனிந்தார். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவில்.

“காரை வாப்பா பாப்பாரு, கிளி. நீ ஆளைப் பாரு. எப்படிச் சிரிக்காரு, எப்படிக் கதைக்காரு, எல்லாம் பாத்து வந்து எனக்குச் சொல்லு.”

அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை. நான் தலையை ஆட்டினேன்.

வாப்பா துணி வியாபாரி. ஒரு துணியை அவர் பார்க்கும் விதம் எனக்குத் தெரியும். முதலில் தூரத்தில் நின்று பார்ப்பார், பிறகு வெளிச்சத்துக்குப் பிடிப்பார், பிறகு விரலிடையில் வைத்துத் தேய்ப்பார், கடைசியில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். அந்த மூக்கைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மழையில் நனைந்து காய்ந்த புடவைக்கட்டை அது பிரிக்காமலே கண்டுபிடித்துவிடும். காரையும் அவர் அப்படியேதான் பார்த்தார். வெயிலில் நிறுத்தச் சொல்லிச் சுற்றி வந்தவர், இடப்பக்கக் கதவருகே நின்றார்.

“இந்தக் கதவுக்கு வேற சாயம்” என்றார்.

வியாபாரி தலையைச் சொறிந்துகொண்டு, கதவில் கீறல் விழுந்ததால் திரும்பப் பெயின்ட் அடித்ததை ஒத்துக்கொண்டார். அப்போதுதான் வாப்பா சட்டைப் பைக்குள்ளிருந்து மாம்பழ வடிவக் காந்தத்தை எடுத்துக் கீறல் விழாமல் கைலேஞ்சித் துணியில் சுற்றினார். தகரம் நசுங்கிய இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாமல் வழுக்கிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அவர் காரின் உடம்பெல்லாம் காந்தத்தை நகர்த்திக்கொண்டு போக, சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பட்டப்பெயர் பிறந்தது அந்த நிமிடத்தில்தான். காந்தம் எங்கேயும் வழுக்கவில்லை.

எஞ்சினைப் பார்க்க வாப்பா ஒரு பாஸைக் கூட்டி வந்திருந்தார். வாகனம் திருத்துகிறவரை நாங்கள் பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தார், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார், தரையில் மல்லாந்து கீழே ஊர்ந்து போனார். டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று கையால் தடவினார். எல்லாவற்றுக்கும் மேலே அவர் தேடியது தண்ணீரைத்தான். அந்த வருடமும் மாரியில் வாவி நிரம்பி, தாழ்ந்த வளவுகளெல்லாம் வெள்ளத்தில் கிடந்து வடிந்திருந்தன. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி மினுக்கி ஏமாந்தவர் தலையில் கட்டுவது எங்கள் மாவட்டத்தில் நடக்காத காரியமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து மடிப்பில் சேறு இருக்கிறதா என்று பார்த்தார். கால் விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். பின் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். எல்லாம் காய்ந்து கிடந்தன.

“முதலாளி, தாராளமா எடுக்கலாம். இப்படி ஒரு வாகனம் இனிக் கிடைக்காது” என்றார் பாஸ்.

நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை சிரித்தார். நன்றாகவே சிரித்தார். எல்லோரோடும் மதிப்பாகக் கதைத்தார். காரின் முன்னால் போய் விளக்கருகே நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஏறி இருந்த மாப்பிள்ளை எஞ்சினைத் திருகி ஒரே மிதியாக மிதித்தார். அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. நான் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முழங்கை உரசி எரிந்தது.

“வாங்க மாமா, ஒரு சுத்து சுத்திப் பாப்பம்” என்றார் மாப்பிள்ளை.

பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடிக்க வேண்டும். என்னை உள்ளே விட்டு, சீட்டைத் திரும்ப நிமிர்த்தி, வாப்பா அதில் ஏறினார். என் முழங்கால் இரண்டும் வாப்பாவின் சீட்டு முதுகில் முட்டிக்கொண்டன. எனக்கென்று கதவு இல்லை. பக்கத்துக் கண்ணாடி திறக்காது. முன்னால் இருக்கிறவர் இறங்கி, சீட்டை மடித்து விட்டால்தான் நான் வெளியே வரலாம். இது எனக்கு விளங்கியபோது கார் ஒழுங்கையைத் தாண்டிவிட்டது.

ஆரையம்பதி வரைக்கும் ஒன்றுமில்லை. மண்முனைப் பாலத்தில் ஏறும்போதுகூட நான் வாவியைப் பார்த்துக்கொண்டு சந்தோசமாகத்தான் இருந்தேன். பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. இரண்டு பக்கமும் வட்டை வட்டையாக வயல், நடுவில் நேராக ஓடும் தார் ரோட்டு. அங்கேதான் அவர் மிதிக்கத் தொடங்கினார்.

முதலில் வயல்கள் ஓடின. பிறகு வரம்புகள் தெரியவில்லை. பிறகு எல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் கலந்து என் பக்கக் கண்ணாடியில் அடித்துக்கொண்டு போனது. காது அடைத்தது. நான் “வாப்பா” என்றேன். எஞ்சின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாக “வாப்பா!” என்றேன்.

கேட்டது வாப்பாவுக்கு அல்ல. நடுக் கண்ணாடியில் மாப்பிள்ளையின் கண்கள் உயர்ந்து என்னைப் பார்த்தன. ரோட்டைப் பார்க்க வேண்டிய கண்கள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தன. நான் அழுவதை அவர் பார்த்தார். அந்தக் கண்களின் ஓரம் சுருங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

“மகன், கொஞ்சம் மெதுவாப் போங்க. புள்ள பயப்படுது” என்றார் வாப்பா.

“பழகிரும் மாமா” என்றார் அவர். குரலில் ஒரு கோபமும் இல்லை. “ரெண்டு மூணு தரம் பயந்தா, மறுகா பழகிரும்.”

வாப்பா வலது கையை சீட்டுக்கு இடையால் பின்னுக்கு நீட்டி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

அறுவடைக் காலம். படுவான்கரையில் அந்த நாட்களில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். வருகிற வாகனமெல்லாம் ஒதுங்கி மற்றப் பாதியால் போகும். எழுதாத சட்டம் அது. தூரத்தில் தங்க நிறத்தில் ஒரு நீளப் பாய் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு பெண், தலையில் துணி கட்டி, எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒதுங்குவார் என்று நினைத்தேன். கார் ஒதுங்கும் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. கார் நேராக நெல்லின் மேல் ஏறியது. டயருக்குக் கீழே நெல் வழுக்கி, காரின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுபட்டது. அவருடைய முதுகருகே போன பிறகுதான் ஹோர்ன் அடித்தது. அந்தப் பெண் திரும்பினார். அவருடைய வாய் திறந்திருந்தது. பிறகு அவர் அங்கே இல்லை.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடிபட்ட சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பின் கண்ணாடியால் திரும்பிப் பார்த்தபோது அவர் வாய்க்காலுக்குள்ளிருந்து, இடுப்பளவு சேற்றில், எழும்பி நின்றுகொண்டிருந்தார். ரோட்டெல்லாம் நெல் சிதறியிருந்தது.

“பாத்தீங்களா மாமா? என்ன பாய்ச்சல் பாஞ்சா!” என்று மாப்பிள்ளை ஸ்டீரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“நிப்பாட்டுங்க” என்றார் வாப்பா.

அவர் நிறுத்தவில்லை. வாப்பா திரும்பவும் சொன்னார். அப்போதும் நிறுத்தவில்லை. தனக்கு வேண்டிய தூரம் போய், தனக்குப் பிடித்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, தானாகவே காரைத் திருப்பினார். திரும்பி வரும் வழியில் மிகவும் ஒழுங்காக, மாட்டு வண்டி ஓட்டுவதுபோல ஓட்டினார். அந்தப் பெண் கையைத் தூக்கிச் சத்தம் போட்டுக்கொண்டு நின்ற இடத்தைக் கடக்கும்போது கதவுக் கண்ணாடியை உயர்த்திவிட்டு, எனக்கு ஐஸ்கிறீம் வேண்டுமா என்று கேட்டார்.

எனக்கு ஐஸ்கிறீம் வேண்டாம். எனக்கு அப்போது வேறொரு பயம் வந்திருந்தது. என் பெருநாள் பாவாடை நனைந்திருந்தது. எனக்குக் கீழே சீட்டும் நனைந்திருந்தது. எப்போது நடந்தது என்று எனக்கே தெரியாது. நாலாம் ஆண்டுப் பிள்ளை, குர்ஆன் ஓதப் போகிற பிள்ளை, மாப்பிள்ளைக்கு வாங்கப் போகிற புதுக் காரில். காரை யாரும் தொட்டு அழுக்காக்கக் கூடாது என்று வளவில் நின்றபோதே வியாபாரி சொல்லியிருந்தார். நான் பாவாடையை விரித்து ஈரத்தை மூடிக்கொண்டு, வீடு வருமட்டும் அசையாமல் இருந்தேன்.

வீட்டு வாசலில் வாப்பா இறங்கி சீட்டை மடித்தார். நான் இறங்கவில்லை. எழும்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அகலமாக்கிய கேட்டால் நடந்து, கூடத்தைத் தாண்டி, உம்மாவிடம்கூடத் தராமல், கிணற்றடிக்குக் கொண்டுபோய் ராத்தாவிடம் விட்டார். அவருக்குத் தெரியவில்லை என்று நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

ராத்தாவிடம் மறைக்க முடியவில்லை. தண்ணிப் போத்தல் ஊற்றுப்பட்டுவிட்டது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

“வாப்பாட்ட சொல்லாத ராத்தா.”

“சொல்ல மாட்டன். அவரு எப்படி? அதச் சொல்லு.”

எனக்கு என் பொறுப்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்னிடம் இருந்தது எல்லாம் பயம் மட்டுமே. “அந்தக் கார் வேணாம் ராத்தா, அதுக்குப் பேய் புடிச்சிரிக்கி” என்று அழுதேன். ராத்தா என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். மாப்பிள்ளை கண்ணாடியில் என்னையே பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பெண் வாய்க்காலில் பாய்ந்ததையும் அவர் சிரித்ததையும் சொன்னேன். பழகிரும் என்று சொன்னதைச் சொன்னபோது ராத்தாவின் கை நின்றது.

“வாப்பா அதக் கேட்டாரா?”

“ஓம்.”

அவர் என்னைத் துவட்டி உள்ளே அனுப்பினார்.

அன்று பின்னேரம் நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டு யன்னலால் பார்த்தேன். வாப்பா கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். கடையிலிருந்து வந்தால் கை கால் கழுவி உளுச் செய்துகொண்டு மஃரிபுத் தொழுகைக்குப் போகிறவர், அன்றைக்கு முழுக்கக் குளித்து, போட்டிருந்த வெள்ளைச் சட்டையையும் சாறனையும் தானே அலசி, கொடியில் போட்டுவிட்டு வேறு உடுப்போடு பள்ளிக்குப் போனார். உம்மா துவைக்க இருக்கும்போது இவர் ஏன் துவைக்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் அவரும் ராத்தாவும் இடித்த தூணுக்குப் பக்கத்தில் வெகு நேரம் நின்றார்கள். ராத்தா ஏதோ சொல்ல, வாப்பா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சீட்டை நனைத்த கதை வெளியே வந்துவிட்டது, இனி என்னைக் கூப்பிடுவார்கள் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் தரகரும் வியாபாரியும் கடைசிச் சொல் கேட்க வந்தார்கள். கார் எங்கள் புதுக் கேட்டால் நுழைந்து முற்றத்தில் நின்றது. உம்மா நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் ஆக்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் தலை நீட்டினார்கள். நானும் ராத்தாவும் யன்னல் திரைக்குப் பின்னால் நின்றோம்.  இனி இந்தக் கார் நாள்தோறும் இங்கேதான் நிற்கும் என்று நினைத்து ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று தரகர் சொன்னார். வாப்பா கேட்கவில்லை. இன்னொருமுறை பார்த்துவிடுகிறேன் என்று, வரச் சொல்லியிருந்த பாஸையும் கூட்டிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார். காந்தம் வெளியே வந்தது. மதிலோரம் சிரிப்பு. எண்ணெய்க் கம்பி, ரேடியேட்டர், டயர். நேற்றுப் பார்த்ததையெல்லாம் திரும்பப் பார்த்தார். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக வாப்பா முன் சீட்டை மடித்தார்.

 அவர் பின்பக்கம் குனிந்தார். உள்ளங்கையைப் பின் சீட்டில் வைத்து அழுத்தினார். சரியாக நான் இருந்த இடத்தில். கையை எடுத்து, புடவைக்கட்டைப் பார்ப்பதுபோல மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மழையில் நனைந்த துணியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கும் அந்த மூக்கு. நான் ராத்தாவின் தாவணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“பின் சீட்டு ஈரம்” என்ற வாப்பாவின் குரல் மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்டது. “இந்தக் கார் எனக்கு வேணாம்.”

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வியாபாரி சத்தியம் பண்ணினார். தரகர் இருவருக்கும் நடுவில் ஓடினார். பாஸ் தலையை உள்ளே விட்டார். முகர்ந்தார். தலையை வெளியே எடுத்து வாப்பாவைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எங்கள் யன்னல் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு, “ஓம், ஈரந்தான். முதலாளி சொல்றது சரி” என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ, “வெள்ளத்துல நிண்ட கார்!” என்றது தெளிவாகக் கேட்டது. அதை வாப்பா மறுக்கவும் இல்லை, ஆமென்று சொல்லவும் இல்லை.

“இந்தக் கார் இல்லாட்டி இந்தக் கலியாணப் பேச்சும் இல்ல” என்றார் மாப்பிள்ளை. பல்வரிசையைக் காணவில்லை. நேற்றுக் கண்ணாடியில் பார்த்த கண்கள் மட்டும் இருந்தன. “ஒரு காருக்குக் கணக்குப் பாக்கிற ஊட்டுல எனக்குப் பொண்ணும் வேணாம்.”

“உங்கட விருப்பம், மகன்” என்றார் வாப்பா.

கார் பின்னோக்கிப் பாய்ந்து வெளியேறியது. உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்து அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. நான் மூத்திரம் பெய்ததை வாப்பா வெள்ளத் தண்ணீர் என்று நினைத்துவிட்டார், அதனால் ராத்தாவின் கலியாணம் நின்றுபோனது என்பது எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் தெரிந்தது. சொன்னால் அந்தக் கார் திரும்பி வரும் என்பதும் தெரிந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் வாய் திறக்காமல் சோற்றுக்கு முன்னால் இருந்தேன். எனக்கு விளங்காத ஒன்று அங்கே நடந்தது. கலியாணம் குழம்பிய பெண், என் ராத்தா, அந்த நெய்ச்சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையை வேண்டாம் என்றால், பெண்ணிடம் என்ன குறை, யாரோடு என்ன கதை என்று ஊர் தோண்டும். மாப்பிள்ளை காருக்காகக் கோபித்துக்கொண்டு போனால், பெண்ணின் வாப்பா பிசினாறி என்பதோடு நின்றுவிடும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகு தெரிந்தது. ஊர் சிரித்தது, வாப்பாவைப் பார்த்துத்தான் சிரித்தது. அதுவும் அந்தக் காரைக் கல்குடாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் வாங்கி, அது ஒரு கோளாறும் இல்லாமல் ஓடுவது தெரிந்தபோது இன்னும் சிரித்தது. அவ்வளவு பெருமைப்பட்ட மூக்கு கடைசியில் ஏமாந்துவிட்டதாம். “ஓம், என்ட மூக்குக்கு வயசு போயிட்டு” என்று வாப்பா ஒத்துக்கொண்டார். விற்ற வியாபாரியோடு தனியாக என்ன பேசினாரோ, அவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெருநாளைக்குத் தன் வீட்டார் எல்லோருக்கும் எங்கள் கடையிலேயே துணி எடுத்தார்.

அந்த மாப்பிள்ளை பிறகு வேறெங்கோ கலியாணம் முடித்ததாகக் கேள்வி. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. சில நேரம் அவரை நினைத்து எனக்கு நெஞ்சு கனக்கும். ராத்தாவை முடித்தவர் ஸ்கூட்டரில் வந்தார். அகலமான கேட்டால் இப்போது புடவைக்கட்டு ஏற்றிய லொறி வந்து போகிறது.

காருக்கு என்ன நடந்தது என்ற உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு பின்னேரம் என் மகன் வாப்பாவின் மடியில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தான். மஃரிபுக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருந்தது. வாப்பா திடீரென்று அவனைத் தூக்கி என்னிடம் தந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனார். முழுக்கக் குளித்து, வெள்ளைச் சட்டையையும் சாறனையும் தானே அலசி, கொடியில் போட்டார். பிள்ளையின் மூத்திரம் பட்ட உடுப்போடு தொழ முடியாது. அது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த விசயம்.

ஈரம் சொட்டிக்கொண்டிருந்த அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வாப்பா, அந்தச் சிவப்புக் கார்...” என்று தொடங்கினேன். “அது வெள்ளத்துல நிக்கல்லியே.”

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

“நான் எப்ப மகள் வெள்ளம் எண்டு சொன்னன்? ஈரம் எண்டுதானே சொன்னன்” என்றார்.

நனைந்த பாவாடையோடு அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கூடத்தைத் தாண்டிப் போன அந்தப் பிள்ளை, வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தான் அன்றைக்குத் தூங்கியது.